பட்டம் சொல்லி முடிப்பதற்குள்

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைமலை நாட்டை மகரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் மனசில் என்ன தோன்றுகிறதோ, அது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும்.

ஒருநாள் ஊஞ்சலில் கண்ணயர்ந்திருந்தவரைக் காவலாளி ஒருவன் தோளைத் தட்டி எழுப்பிவிட்டான். ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இனி என்னைத் தொடுகிறவன் முதலில் என் பட்டங்கள் அத்தனையும் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் தொட்ட கை வெட்டப்படும்" என்றார்.

பட்டங்களைக் கட்டிக்கொடுத்தவர் படைத்தலைவரான தளவாய் ஆவுடையப்பர். அமைச்சர் நீலமேகரின் பேச்சை ராஜா கேட்பதைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தவர். புகழ்வதிலாவது முந்திக்கொள்ளலாமென்று பட்டங்களை நீட்டிக்கொண்டே போனார்.

அந்த மாதமே பக்கத்து நாட்டுத் தூதர்கள் வந்தார்கள். பெரிய விருந்து. தளவாய் நீலமேகரின் நடையைப் போலச் செய்து காட்ட, வாயில் கறித்துண்டோடு ராஜா கடகடவென்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. ராஜா எழுந்து நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது, பிறகு கறுத்தது.

"தண்ணீர் கொண்டுவாருங்கள்" என்றார் தளவாய்.

"வேண்டாம்" என்றார் நீலமேகர். அவருடைய தங்கைக்குச் சிறுவயதில் பனங்கிழங்கு தொண்டையில் சிக்கியபோது, வீட்டில் எல்லோரும் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். அவள் பிழைக்கவில்லை. என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பிற்பாடு ஒரு வைத்தியரிடம் கேட்டு மனசில் வைத்திருந்தார்.

"அரசே, இருமுங்கள் பார்ப்போம்."

இருமல் வரவில்லை. மூச்சுச் சத்தமே இல்லை. இருமியிருந்தால் நீலமேகர் பக்கத்திலேயே நின்று இருமவிட்டிருப்பார். இப்போது ஒரு கையை ராஜாவின் மார்பில் கொடுத்து அவரை முன்பக்கம் நன்றாகக் குனியவைத்தார். மறு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார். மூன்றாவது அடியில் கறித்துண்டு பறந்து போய் ஒரு தூதரின் இலையில் விழுந்தது.

ராஜா மூச்சை இழுத்தார். உயிர் வந்த கையோடு வெட்கமும் வந்தது. அந்நியர் முன்னால் முதுகில் அடி வாங்கியாயிற்றே. இதற்காகவே காத்திருந்த தளவாய் மெல்லச் சொன்னார்: "மன்னா, ஒரு பட்டம்கூடச் சொல்லவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. சட்டம் அமைச்சருக்கு மட்டும் வேறா?"

"காலையில் சபையில் பேசிக்கொள்வோம்" என்றார் ராஜா, யார் முகத்தையும் பார்க்காமல்.

மறுநாள் காலை நீலமேகரின் மனைவி இட்லி வைத்தாள். அவர் அதை வலது கையால் நிதானமாகப் பிட்டுச் சாப்பிட்டார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபை கூடியது. "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, அமைச்சரே?" என்றார் ராஜா.

"ஒப்புக்கொள்கிறேன், அரசே. கையைக் கொடுக்கிறேன். ஆனால் இன்னொரு நாள் இப்படி நேர்ந்தால் உதவப் போகிறவருக்கு முறை தெரிய வேண்டும். எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று தளவாய் செய்து காட்டட்டும். தாங்கள் தொண்டை அடைத்ததுபோல மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் அனுமதி வாங்கித் தொடும்வரை விடக்கூடாது."

"இதென்ன பெரிய காரியம்" என்று ராஜா மூச்சை இழுத்துப் பிடித்தார்.

தளவாய் வணங்கி எழுந்து கம்பீரமாக ஆரம்பித்தார். "மழைக்கு வழிகாட்டும் மாமுகிலே, பகைவர் கோட்டை பதறும் பேரிடியே, ஏழு குன்றும் தலைவணங்கும் எட்டாவது குன்றே..."

ராஜாவின் கன்னம் உப்பியது. சீக்கிரம் என்று கையால் சைகை காட்டினார். தளவாய் அவசரத்தில், "யானைக்கு... இல்லை, குதிரைக்கு முன்..." என்று தடுமாறி நின்றார். வரிசை மறந்துபோயிற்று. திரும்பவும் மாமுகிலிலிருந்து தொடங்கினார். கோட்டைவரைக்கும்கூட வரவில்லை. ராஜா பொத்தென்று மூச்சை விட்டு, சிம்மாசனத்தில் சாய்ந்து வாங்கு வாங்கென்று மூச்சு வாங்கினார்.

சபையில் யாரும் சிரிக்கவில்லை.

"நேற்று அமைச்சர் முறைப்படி வந்திருந்தால்," என்றார் ராஜா மெதுவாக, "இன்று நான் எங்கே இருந்திருப்பேன்?"

"அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அரசே" என்றார் நீலமேகர்.

ராஜா இறங்கி வந்து நீலமேகரின் வலது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் விரல் மோதிரத்தைக் கழற்றி அதற்குப் போட்டார். சட்டம் அங்கேயே ரத்தானது. அரண்மனையில் சமையல்காரர் முதல் தளவாய் வரை எல்லோரும் அமைச்சரிடம் இந்த வைத்தியத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. "முதல் மாணாக்கர் தளவாய்" என்றார் ராஜா. "பட்டங்கள் சொல்லாமல் கற்றுக்கொள்ளட்டும்."

சபை கலைந்த பிறகும் ஆவுடையப்பர் தூண் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றார். நீலமேகர் தம்மைக் கடந்து போகையில் தளவாய் மெல்லிய குரலில் கேட்டார்:

"அமைச்சரே, கைக்குழந்தைக்கும் இப்படித்தான் அடிக்க வேண்டுமா? பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். வீட்டில் பேரன் இருக்கிறான்."

நீலமேகர் நின்றார். மேல்துண்டைச் சுருட்டிக் குழந்தையைப்போலத் தன் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலைப்பக்கத்தைத் தாழ்த்திப் பிடித்தார்.

"அவ்வளவு வேகம் கூடாது. தாடையை விரல்களால் இப்படித் தாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் வாருங்கள், தளவாய். கையைக் கொடுங்கள், காட்டுகிறேன்."