தாய்மாமன் சீர்

மலையடிவாரத்து மடத்தில் பந்தி பரிமாறுகிறவர் சிங்காரம். மடத்தை நடத்துகிற குருவம்மாவைவிட வயதில் மூத்தவர். அவர் "அம்மா" என்பார், வயதுக்காகக் குருவம்மா "ஐயா" என்பார். மரியாதைக்கும் குறைச்சலில்லை, திட்டுக்கும் குறைச்சலில்லை.

மடத்து ஓடை வற்றிப்போன கோடையில் சிங்காரம் கறி, மீன் எல்லாவற்றையும் விட்டார். விட்டது நல்ல காரியம்தான். விட்டதைப் பற்றிப் பேசுவதைத்தான் விடவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்கு அவருடைய தங்கை பேச்சியம்மாள் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். இடுப்பில் மகள் வெண்ணிலா.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து. நீதான் மடியில வச்சுக்கணும்."

"விருந்து என்ன?"

"மூணு கிடா."

போச்சு. சிங்காரம் ஆரம்பித்துவிட்டார். ஒரு வாய்க் கறிக்கு எவ்வளவு தீவனம், அந்தத் தீவனம் விளைய எவ்வளவு தண்ணீர், மேய்ச்சலுக்கென்று எத்தனை காடு அழிகிறது, அதே நிலத்தில் பயறு விதைத்தால் எத்தனை வயிறு நிறையும்... வெண்ணிலா கொட்டாவி விட்டாள். அடுப்படியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"கிடா வெட்டினா நான் வரமாட்டேன்" என்று முடித்தார்.

"தாய்மாமன் வராம பிள்ளையை எங்க உட்காரவைக்கிறது? ஆட்டுக்கல்லு மேலயா?"

பேச்சியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டை வைத்தாள், பிள்ளையைச் சரியாக இடுக்கிக்கொண்டாள், விறுவிறுவென்று போய்விட்டாள். அந்த மடத்துக்கு வந்தவர்கள் யாரும் அதுவரை சாப்பிடாமல் திரும்பியதில்லை.

குருவம்மா கீரை ஆய்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதுல என்னம்மா தப்பு?"

"ஒரு தப்பும் இல்லை. அத்தனையும் நிஜம். நானும் அதுக்காகத்தானே விட்டேன்? பசிக்குதா? உட்காருங்க."

இலை போட்டார். சிங்காரம் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். குருவம்மா கரண்டி நிறையச் சோற்றை எடுத்தார். எடுத்த கரண்டியோடு அப்படியே நின்றார்.

"ஐயா, இந்தச் சோறு இருக்கே, இது எந்த வயல்ல விளைஞ்சது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நாத்து விட்டது யாரு, களை பறிச்சது யாரு, அந்த வருஷம் மழை எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? நெல்லுன்னா சும்மா இல்லை. முதல்ல உழவு. உழவுக்கு முன்னாடி எரு. எருவிலேயே எத்தனை வகை..."

குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. சிங்காரம் கரண்டியையே பார்த்தார். கரண்டி எருவிலிருந்து மண்புழுவுக்குப் போனது. மண்புழுவிலிருந்து வாய்க்காலுக்குப் போனது. இலைக்கு மட்டும் வரவில்லை.

"அம்மா! முதல்ல போடுங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க!"

"பேச்சியும் இதைத்தான் நினைச்சிருப்பா. அண்ணனாச்சேன்னு வாயை மூடிக்கிட்டா."

கரண்டி இலையில் இறங்கியது. சிங்காரம் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலையில் குருவம்மா கொல்லைப் பலாமரத்தடியில் சாக்கோடு நின்றார்.

"பிஞ்சாப் பார்த்துப் பறியுங்க."

"என்னத்துக்கும்மா?"

"தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டாமா?"

"கிடா வெட்டுற வீட்டுக்கா?"

"அடுப்பு இருக்கிற வீட்டுக்கு."

சிங்காரம் முணுமுணுத்துக்கொண்டே மரம் ஏறினார்.

சனிக்கிழமை மாலை காலிச் சாக்கோடு திரும்பி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன ஐயா?"

"தோத்துட்டேம்மா. ரெண்டு கிடா வெட்டிட்டாங்க."

"மூணுன்னுல்ல சொன்னா?"

"ராத்திரியே பலாக்காயைக் கறி மசாலாவுல போட்டு ஒரு சட்டி இறக்கினேன். பேச்சி ருசி பார்த்தா. சட்டியை வழிச்சுட்டு, விருந்துக்கு ஒரு அண்டா வையின்னா. விடிஞ்சதும் ஒரு கிடாவை அவளே அவிழ்த்து ஓட்டிவிட்டுட்டா."

"நீங்க என்ன பேசினீங்க?"

"எங்க பேசறது? மசாலா அரைக்கவே நேரம் சரியாப் போச்சு."

குருவம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இருந்தாலும் ரெண்டு போச்சேம்மா."

"காது குத்தறப்போ பாப்பா அழுதாளா?"

"ஊருக்கே கேட்டிருக்கும். என் சட்டையைப் பிடிச்சவ விடவே இல்லை. பஸ் ஏற வந்தப்பகூட அவ விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம்."

சொல்லும்போதே சிங்காரத்தின் குரல் இளகிவிட்டது. கசங்கிய சட்டை முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அவளுக்கு இன்னும் சடங்கு இருக்கு, கல்யாணம் இருக்கு, வளைகாப்பு இருக்கு. தாய்மாமன் இல்லாம எதுவும் நடக்காது" என்றார் குருவம்மா. "போய் அந்தப் பலாமரத்துக்குத் தண்ணி ஊத்துங்க, ஐயா."