வாய் திறக்காத அம்பயர்

வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே பட்டறைக்காரர்கள் ஜில்லா கிரிக்கெட் கோப்பையை ஜெயித்தது ஒரு விரலால்தான். கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு மட்டை பிடித்தவர் ஜமீன்தார். அம்பயராக நின்றவன் அவருடைய குதிரைவண்டிக்காரன் சடையப்பன். முந்தைய அம்பயர் அவருக்கு "அவுட்" சொல்லி வேலையை இழந்திருந்தான்.

"உன் வாயிலேர்ந்து அவுட்டுங்கிற வார்த்தை வந்தா வண்டியும் இல்லே, வீடும் இல்லே!"

"வராதுங்க, எஜமான்."

மூன்றாவது பந்து, ஸ்டம்பை மறைத்து நின்ற ஜமீன்தாரின் காலில் பட்டது. பட்டறைக்காரர்கள் கத்தினார்கள். சடையப்பன் உதட்டை இறுக மூடிக்கொண்டு ஒற்றை விரலை உயர்த்தினான். கூடாரத்தில் கலெக்டர் துரை கைதட்டினார்.

"என்னடா விரல்? நான் என்னன்னு வாயைத் திறந்து சொல்லுடா!"

விரல் இறங்கவில்லை.

"அதைத்தான் சொல்லக் கூடாதுன்னு உத்தரவுங்க, எஜமான்."