ஏழு கோப்பில் ஒரு மருந்துக் கணக்கு

“நான் வேலையை விட்டுடறேன், மேடம்.”

சொன்னவர் பொன்னுரங்கம். இருபது வருடம் மருந்துக்கடை நடத்திவிட்டு, ஐம்பது வயதில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கணினி மொழி படிக்க வந்தவர். கற்றுக்கொடுக்கும் நஸ்ரினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. மேடம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நஸ்ரினும் ஓய்ந்துவிட்டார்.

திருச்சியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு அவர்கள் மென்பொருள் எழுதினார்கள். குழந்தையின் எடைக்கு எவ்வளவு காய்ச்சல் மருந்து என்கிற கணக்கு பொன்னுரங்கத்துடையது. ஏழு வார்டு, ஏழு கோப்பு. மனிதர் ஏழிலும் அதே கணக்கை காப்பி எடுத்து ஒட்டியிருந்தார்.

டாக்டர் அளவைக் குறைக்கச் சொன்னார். பொன்னுரங்கம் ஆறு கோப்பில் திருத்தினார். ஏழாவது மறந்துபோனது.

நல்லவேளை, அந்த வார்டு நர்ஸ் திரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மருந்தை நிறுத்தினார். குழந்தை நன்றாக இருக்கிறது. பொன்னுரங்கத்துக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பாவமாக இருந்தது.

நஸ்ரின் அவருடைய கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஏழு கோப்பிலும் அந்தக் கணக்கை அழித்தார்.



“இப்ப ஒரே கோப்பில எழுதுங்க, சார். ஏழும் அதுகிட்ட கேட்டு வாங்கிக்கட்டும்.”

எழுதினார். ஏழு கோப்பிலும் அதை வரவழைக்கும் வரியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தார். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றன ஏழும்.

“இதோ இருக்கே, மேடம். ஒரு எழுத்து பிசகலை.”

“இருக்கு. நீங்க வெளியே கொடுக்கலையே.”

விடுபட்டது எக்ஸ்போர்ட் வரி, கணக்கை மற்ற கோப்புகளுக்குத் திறந்துவிடுவது. அதை எழுதாதவரை கணக்கு அந்தக் கோப்புக்குள்ளேயேதான் கிடக்கும்.

பொன்னுரங்கத்தின் விரல் விசைப்பலகைமேல் போய் நின்றது. முதலிலேயே பொதுக் கோப்பில் வைக்கத் தெரியும் என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். பயத்தில்தான் வைக்கவில்லையாம்.

“கொடுத்துட்டா, நான் பண்ற ஒரு தப்பு ஏழு வார்டுக்கும் போயிடுமே.”

“போகும்.”

“அப்புறம்?”

“ஏழு கோப்பைக் கொடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க, சார். ஒண்ணைப் படிப்பாங்க, தப்பு இருந்தா பிடிப்பாங்க.”

பொன்னுரங்கம் அந்த வரியை எழுதினார்.

பக்கத்து மேசையில், கூட வேலை செய்யும் பையன் ஜெபராஜ். ஒரு வருடமாகப் பக்கத்தில் இருந்தும், பொன்னுரங்கம் அவனுக்குத் தன் திரையைக் காட்டியதே இல்லை.

திரையை அவன் பக்கம் திருப்பினார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரு. எங்கயாவது தப்பு பண்ணியிருப்பேன்.”