காந்தாரத்தைக் கெடுத்தவன்

"என் வயலின எவனோ கெடுத்துப்புட்டான், டீச்சர். அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும்."

வெள்ளத்துரை வாசலில் நின்றபடியே சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வயலின் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், அடிபட்ட கன்றுக்குட்டியைத் தூக்கி வந்தவர்போல.

மரகதவல்லி டீச்சர் சுருதிப் பெட்டியை நிறுத்தினாள். அவருக்குத் தங்கை வயசுகூட இருக்காது, அதற்கும் கீழே.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார வரல."

"நின்னுக்கிட்டு வாசிக்க முடியாதே."

"வாசிக்கவும் வரல. நியாயம் கேக்க வந்திருக்கேன்."

வெள்ளத்துரை மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசியே ஆளானவர். வாய் பேசாது. கண் ஜாடை காட்டாது. விரல் சொன்னால் சொன்னதுதான். அப்பா விட்டுப்போனது ஒரு தும்புக்கயிறுகூடக் கிடையாது. ஏமாந்து, அடிபட்டு, ஏமாற்றினவனைத் தேடிப்போய் அடித்து, அப்படிக் கற்றுக்கொண்ட தொழில்.

அந்த விரல்கள் ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை. ஆகவே தப்பு வேறு எங்கேயோதான் இருக்க வேண்டும்.

"என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டாள் டீச்சர்.

"காந்தாரம்."

"அது மட்டுமா?"

"ச நல்லா இருக்கு. ரி நல்லா இருக்கு. அடுத்தாப்ல காந்தாரத்துல போயி விரல வச்சா, பச்சப் புளியங்காயக் கடிச்ச மாதிரி பல்லு கூசுது. செவ்வாக்கிழமை வரைக்கும் தேனா இருந்த சாமான், டீச்சர். புதன்கிழமை எடுக்கேன், இப்படி."

"யாரு கெடுத்திருப்பா?"

"அது தெரிஞ்சா இங்கயா வருவேன்? அவன் வீட்டுக்குல்லா போயிருப்பேன். செவ்வாக்கிழமை பெட்டிய இங்க வச்சிட்டுச் சந்தைக்குப் போனேன். சாயங்காலம் வந்து எடுத்தேன். நடுவுல ஒங்ககிட்டப் படிக்க வாற எவனோ கை வரிசையக் காட்டியிருக்கான். ஆளக் காட்டுங்க. மிச்சத்த நான் பேசிக்கிடுதேன்."

"குடுங்க, பாப்போம்."

டீச்சர் வயலினை வாங்கினாள். சுருதிப் பெட்டியை முடுக்கி, நாலு தந்தியையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தாள். எந்த முறுக்காணியையும் திருகவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்த சின்னக் கீதத்தை வாசித்தாள்.

காந்தாரம் வந்தது. தன் இடத்தில் நின்றது. போனது.

கூசவில்லை.

வெள்ளத்துரைக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இந்த மாதிரி மாடுகளை அவர் பார்த்திருக்கிறார். விற்கிறவன் கையில் சாதுவாக நிற்கும். வாங்கினவன் கயிற்றைத் தொட்டதும் முட்டும்.

"ஆளு பாத்து நடக்குது, டீச்சர்."

"அப்ப என் வயலின வாசிங்க."

அதற்கு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு தரம் சம்மணத்தை மாற்றிப் போட்டார். டீச்சரின் வயலினைத் தோளில் சாய்த்து, வில்லை எடுத்தார்.

ச. ரி.

நடுவிரல் போய் காந்தாரத்தில் உட்கார்ந்தது. பல் கூசியது.

வில்லைத் தூக்கிவிட்டார். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"ஒங்களதையும் கெடுத்துட்டான்."

"அப்படியா?"

"அதே எடம். அதே கோளாறு. துணிஞ்சவன்தான்."

"மோசமான ஆளாத்தான் இருப்பான்போல."

"சிரிக்காதீங்க, டீச்சர்."

"சிரிக்கல அண்ணாச்சி."

வெள்ளத்துரை எழுந்தார். சன்னல் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"ஞாயித்துக்கிழமை எம் மக பொன்ரேகாவுக்குக் கல்யாண வரவேற்பு. மாட்டுத் தரகன் வீட்டுல சங்கீதத்துக்கு எங்க போகன்னு சம்பந்தி நாலு பேருக்கு முன்னால கேட்டாரு. மணமகளின் தந்தை வயலின் வாசிப்பார்னு பத்திரிகையிலயே அச்சடிச்சுப்புட்டேன். ஊரு பூரா குடுத்தாச்சு. மேடையில நான் வாசிச்சு, அந்தாளு மொகத்தச் சுளிச்சான்னு வைங்க, எனக்கு ஒண்ணுமில்ல. நான் பாக்காத அவமானமா? எம் மக பொறத்தால நிப்பா, மாலையும் கழுத்துமா."



அவர் டீச்சர் எதிரே வந்து குந்தினார். குரலை இறக்கினார். பேரம் படியும் நேரத்தில் அவர் குரல் அப்படித்தான் இறங்கும்.

"புதுசா எனக்கு எந்த வித்தையும் வேண்டாம். போன வாரத்து வயலின் போதும். அத மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

"அதேதான் வேணுமா? அதவிட நல்லதா எதுவும் வேண்டாமா?"

"வேண்டாம். இருந்தது இருந்தபடி."

"பொறகு பேச்சு மாறக் கூடாது."

"வெள்ளத்துரை பேச்சு மாறிட்டான்னு சந்தையில ஒருத்தன் சொல்லட்டும், பாப்போம்."

டீச்சர் உள்ளே போனாள். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்து, உருட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு உருண்டை. அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"காதுல வச்சுக்கிடுங்க."

"யாரு?"

"நீங்கதான்."

"இது என்ன கூத்து? கெட்டது வயலின்லா."

"வச்சிட்டு வாசிங்க. போன வாரத்தது வந்துரும்."

வேறு ஆள் சொல்லியிருந்தால் பஞ்சை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கழுத்தை நெரித்தது. வைத்தார். தெருவில் போன ஆட்டோ சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. தன் வயலினைக் கையில் எடுத்தார்.

ச. ரி. காந்தாரம்.

கூசவில்லை.

"வந்துட்டு, டீச்சர். வந்துட்டு." காது அடைத்திருந்ததால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கே சொன்னார்.

டீச்சர் கையால் காட்டினாள். முழுசும் வாசியுங்கள்.

வாசித்தார். தேன்தான். செவ்வாய்க்கிழமைத் தேன். சம்பந்தி மொகத்துல கரியைப் பூசுறேன் பார், என்று நினைத்துக்கொண்டார்.

காதுக்கு வேலை இல்லாமல் போனதால் கண் சும்மா இருக்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.

காந்தாரம் வந்தபோது டீச்சர் கண்ணை மூடினாள். போனதும் திறந்தாள்.

அடுத்த வரி. காந்தாரம். மூடினாள். திறந்தாள்.

இந்த மூடல் அவருக்குப் பழக்கமானதுதான். ஒரு வருஷமாகப் பார்க்கிறார். என் வாசிப்புக்கு டீச்சரே கண்ணை மூடிக் கேக்கும் என்று சந்தையில் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார்.

பொன்ரேகாவும் மூடுவாள். காலையில் அவர் பழகும்போது காப்பி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள். சரியாக அந்த இடத்தில் இறுக்கி மூடுவாள்.

"என்னம்மா, சொக்கிட்டியா?" என்று கேட்பார்.

"ஆமாப்பா," என்பாள்.

வில் மெதுவானது. கீதத்தை விட்டுவிட்டார். வேண்டுமென்றே காந்தாரத்தில் விரலை வைத்து, இழுத்தார். டீச்சரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டீச்சருக்குக் கண் மூடியது. புருவம் இரண்டும் நெருங்கின. தாடை இறுகியது.

பல் கூசுகிறவளின் முகம்.

வெள்ளத்துரை வில்லைக் கீழே வைத்தார். பஞ்சை எடுத்தார், ஒரு காதில், பிறகு மறு காதில். தெருச் சத்தம் திரும்பி வந்தது.

"எத்தன நாளா?"

"நீங்க வந்த நாள்லேருந்து."

"ஒரு வார்த்த சொல்லலியே."

"வாராவாரம் சொன்னேனே அண்ணாச்சி. கொஞ்சம் கீழ வைங்க, கொஞ்சம் கீழன்னு. 'என் விரலுக்கா சொல்லுதீங்க'ன்னு கேட்டுட்டுப் போயிருவீங்க."

"எம் மகளும் இத்தன நாளா..."

டீச்சர் சுருதிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப புதன்கிழமை என்னதான் நடந்துச்சு?"

"வயலின் கெடல அண்ணாச்சி. ஒங்க காது தெளிஞ்சிருக்கு," என்றாள். பஞ்சுக்காகக் கையை நீட்டினாள்.

"நீங்க கேட்டதக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு இது வேணுமா, வேண்டாமா?"

வெள்ளத்துரை பஞ்சைப் பார்த்தார். வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை தேனாகப் போய்விடும். மேடையில், மாலையோடு, பொன்ரேகா கண்ணை மூடுவாள். சொக்கிட்டேன்பா என்பாள்.

வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேச்சு மாறினார். பஞ்சை அவள் கையில் போட்டார்.

வயலினை எடுத்தார். ச. ரி. நடுவிரல் வழக்கமான இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. கூசியது. கொஞ்சம் நகர்த்தினார். கூசியது. இன்னும் கொஞ்சம். அதுவும் இல்லை. நெற்றியில் வேர்த்தது. வில்லை நிறுத்தினார்.

குனிந்து, தந்தியின்மேல் நின்ற விரலைப் பார்த்தார்.

"ஏலே," என்றார் அதனிடம். "எம் மக கண்ணத் தொறந்துக்கிட்டுக் கேக்கணும். ஒழுங்கா எடத்துக்கு வந்து நில்லு."