பூச்சிமருந்து அறையின் சாவி

பருத்திக்குறிச்சியில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதில் வருவது டீ என்பார்கள். ஆற்றுக்கு அக்கரையில் சுக்குக்காபி என்பார்கள். மற்றதில் இரு கரைக்கும் வேறுபாடில்லை.

அவ்வூரில் ஒரே ஆண்டில் மூன்று பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். ஊர் கூடி அழுதது. பிறகு ஊர் கூடி யோசித்தது. இனி எந்த வீட்டிலும் பூச்சிமருந்து இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஒரே அறையில் பூட்டிவைப்பது என்று முடிவாயிற்று. சாவியை யாரிடம் கொடுப்பது என்று மடத்து உலகம்மையாரைக் கேட்டார்கள். அவர் டீக்கடைத் தங்கப்பழத்தைக் கைகாட்டினார்.

அம்மையாரின் சீடர் கோமதிநாயகத்துக்கு இது பொறுக்கவில்லை. அவர் அம்மையாரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிபர். தம் கொடியசைப்பில் எந்த வண்டியையும் ஒரு நிமிடம் பிந்தவிட்டதில்லை.

"அம்மா, அந்த மனிதரிடம் சாவி கேட்டால் டீ தருகிறார். டீ குடித்தால் கதை சொல்கிறார். கதை முடிந்ததும், சாவியை எங்கே வைத்தேன் என்று கேட்டவரையே கேட்கிறார்."

"அப்படியா?"

"அறைக் கதவருகே ஓர் ஆணி அடித்து மாட்டிவிடலாம். அரை நிமிட வேலை."

"அடிக்கலாம். அதற்கு முன் ஒரு நாள் அந்தக் கடையில் உட்கார்ந்து பாருங்கள்."

மறுநாள் கோமதிநாயகம் கைக்கடிகாரமும் குறிப்பேடுமாகப் போய் உட்கார்ந்தார். விடியலிலிருந்தே மழை, யாரும் மருந்தடிக்காத நாள். பதினோரு மணிக்கு விவசாயி பால்வண்ணம் நனைந்தபடி வந்து நின்றார். சில வாரங்களாக அவர் எவரோடும் பேசுவதில்லை என்பது ஊரறிந்தது.

"அண்ணாச்சி, மருந்து ரூம் சாவி."

கோமதிநாயகம் குறிப்பேட்டை மூடிவைத்தார். தங்கப்பழம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இரும்வே. பால் பொங்குது."

"எனக்கு டீ வேண்டாம்."

"உமக்கு யாரு போடுதா? இந்த ஸ்டேஷன் மாஸ்டர் சார் காலையிலேருந்து என்னையே முறைச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்குப் போடுதேன்."

டீ மூன்று வந்தன. பிறகு தேடல் தொடங்கியது. சர்க்கரை டப்பா, பன் கூடை, சாமி படத்தின் பின்புறம். சாவி தங்கப்பழத்தின் அரைஞாண் கயிற்றிலேயே தொங்குவதைக் கோமதிநாயகம் கண்டார். வாயைத் திறக்கவில்லை.

"நீரும் கொஞ்சம் தேடும்வே. அந்தப் பெஞ்சுக்கு அடியில பாரும்."

பால்வண்ணம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை, தரையிலேயே உட்கார்ந்து அழுதார். தங்கப்பழம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தார்.

"செத்துப்போவணும்னு தோணுதாவே?"

"ஆமா, அண்ணாச்சி."

"எத்தன நாளா?"

பால்வண்ணம் சொல்லத் தொடங்கினார். மழை நின்றது; பேச்சு நிற்கவில்லை. யாரோ போய்ச் சொல்லி அவர் மனைவியும் வந்து சேர்ந்தாள். அவர் வயலைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக இரண்டு பேர் வாசலில் நின்றபடியே சொன்னார்கள். நடுவில் பால்வண்ணம் ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"என்ன அண்ணாச்சி இது, கழனித்தண்ணியா?"

"பாத்தீரா சார், குத்தம் சொல்ல வாய் வந்துட்டு!"

பால்வண்ணத்தின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

பிற்பகல் பேருந்தில் பால்வண்ணமும் அவர் மனைவியும் தங்கப்பழமும் அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள், மனநல மருத்துவரைப் பார்க்க. ஏறும்போது தங்கப்பழம் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கோமதிநாயகத்தின் கையில் வைத்தார்.

"நான் வர ரெண்டு நாளாவும் சார். அதுவரைக்கும் நீங்க வச்சிருங்க."

கோமதிநாயகம் நேரே மடத்துக்கு ஓடினார். நடந்ததையெல்லாம் சொன்னார். உலகம்மையார் கேட்டார்:

"சாவி கிடைக்க எவ்வளவு நேரமாயிற்று?"

"கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன், அம்மா."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்போது இது என்னிடம் இருக்கிறது. எனக்கு டீ போடத் தெரியாது. கதை சொல்ல வராது. பால்வண்ணத்தைப் போல இன்னொருவர் வந்து நின்றால், நான் என்னம்மா சொல்வேன்?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு சாவியைத் தேடுங்கள்."