சடையாண்டி வாயைக் கட்டின விதம்

மாங்குறிச்சியில் பந்தல் போடுகிற சடையாண்டிக்கு மூன்று ஆட்கள்: தவசி, குப்பமுத்து, வேலப்பன். நாலு பேரும் சேர்ந்து யோசித்து ஒரு மூங்கிலை நிமிர்த்துவதற்குள் ரெண்டு மூங்கில் சாய்ந்துவிடும்.

ஒருநாள் பந்தல்கால் நடும்போது சடையாண்டிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அலறியடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, “பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா இனிமே சைவம்தான். வாயைக் கட்டணும். ஆடு, கோழி, மீன் பக்கம் தலைவெச்சும் படுக்கக் கூடாது. கீரையை மட்டும் விட்டுடாதீங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க” என்றார்.

சடையாண்டிக்குச் சாக இஷ்டமில்லை. தை மாசம் மகள் கல்யாணம். அந்தப் பந்தலைத் தன் கையால் போட வேண்டும் என்று ஆசை. “டாக்டரம்மா சொன்னதுல ஒரு சொல் பிசகக் கூடாதுடா” என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த மாசத்தில் அவர் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி. வீட்டுக்கு வந்ததும் துண்டால் அவர் வாயைக் கட்டிவிட்டார்கள்.

சாப்பாட்டு வேளை வந்தது.

“கட்டச் சொன்னாங்க. அவுக்கச் சொன்னாங்களா?” என்றான் குப்பமுத்து.

“சொல்லலை. ஆனா சைவம் சாப்பிடச் சொன்னாங்களே” என்றான் தவசி.

வேலப்பன் போய் ஒரு பப்பாளிக் காம்பை ஒடித்து வந்தான். அதன் நடுவில்தான் ஓட்டை இருக்குமே! துண்டுக்குள் அதைச் செருகி ரசமும் பருப்பும் ஊற்றினார்கள். எதிரே இலையில் கத்தரிக்காய்ப் பொரியல் மணக்க, சடையாண்டி அதைப் பார்த்தபடியே பருப்பை உறிஞ்சினார்.

கீரையை விடக் கூடாதே? ஒரு கட்டு அரைக்கீரையை அவர் கையில் திணித்தார்கள். குளிக்கும்போதும் விடவில்லை, ஏணியில் ஏறும்போதும் விடவில்லை. தெருவில் இறங்கினால் கீரைக்கு ஆசைப்பட்டு ஏழெட்டு ஆடுகள் பின்னாலேயே வந்தன.

மத்தியானம் கண்ணயரலாம் என்றால் கிழக்கே ஆட்டுப்பட்டி, மேற்கே கோழிக்கூடு, தெற்கே மீன் சந்தை.

“வடக்கே தலைவெக்கலாமா?”

“வடக்கே ஆகாதுன்னு ஊரே சொல்லுது.”

“அப்போ மேலே பார்த்துத் தலையை வெப்போம்.”

“மேலே கொக்கு பறக்குதே!”

“கொக்கைப் பத்தி டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலை.”

அப்படியே பந்தல்காலோடு சேர்த்து நிற்கவைத்துக் கட்டினார்கள். இதெல்லாம் நம் உயிருக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சடையாண்டி நின்றபடியே குறட்டை விட்டார்.

மாசம் முடிந்தது. ஆள் பாதியாகியிருந்தார். துண்டைப் பார்த்த டாக்டரம்மா பல்வலி என்று நினைத்துக்கொண்டு, நாக்கைப் பார்க்க அதை அவிழ்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். “பிரஷர் இறங்கிடுச்சு. இதயம் கல்லு மாதிரி இருக்கு, போய்ட்டு வாங்க!” என்று சிரித்தார்.

வெளியே வந்த நாலு பேரும் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள்.

“நல்லா இருந்த இதயம், கல்லாயிடுச்சே!” என்றான் தவசி.

சடையாண்டி குப்பமுத்துவைப் பார்த்தார். “டேய், பருப்புல கல் பொறுக்கினது யாரு?”

“நான்தாண்ணே. ஆனா நான் பொறுக்கவே இல்லையே!”

விஷயம் விளங்கிவிட்டது. ஒரு மாசப் பருப்பில் இருந்த கல் அத்தனையும் இதயத்தில் போய்த் தங்கிவிட்டது.

“கல்லை எடுக்க என்ன செய்வாங்க?” என்று கேட்டார் சடையாண்டி.

“முறத்துல போட்டுப் புடைப்பாங்க.”

ஆளையே போட்டுப் புடைக்கிற அளவுக்கு முறம் எங்கே கிடைக்கும்? அவர்கள் வந்த வண்டியில் கிடந்த பந்தல் தார்ப்பாயை ஆஸ்பத்திரி வாசலில் விரித்தார்கள். மூன்று முனையை மூன்று பேர் பிடிக்க, நாலாவது முனையை வேப்பமரத்தில் கட்டினார்கள். நடுவில் சடையாண்டி படுத்துக்கொண்டார். ஏலேலோ என்று ஒரு வீச்சு. வேப்பங்கிளை வரை போய்த் திரும்பினார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா ஜன்னலுக்கு ஓடிவந்தார். அவர் கண்ணுக்கு நேரே மேலே போன சடையாண்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழே பார்த்துக் கத்தினார்:

“டேய், பார்த்துப் புடைங்கடா! இதயத்தைப் பொறுக்கி எறிஞ்சுட்டுக் கல்லை உள்ளேயே விட்டுடாதீங்க!”