மாற்ற மறந்த முகவரி

பரிசுக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இதில் மூன்று பேரும் "எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கினார்கள். அதனால் தீர்ப்புச் சொல்வது இன்னும் சிரமம். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

காயல்பட்டினத்தில் அன்வர்தீன் என்றொரு நிரலாளர். கணினிகள் ஒன்றுக்கொன்று உடனடிச் செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு நெறிமுறை உண்டு. அதைக் கற்க வருவோருக்காகச் சின்னதாக ஒரு மாதிரி நிரல் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். செய்தி யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் மற்றவர்கள் ஏதாவது பொய் முகவரி போட்டுவைப்பார்கள். இவர் தன் சொந்த முகவரியையே போட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்: "இதை மாற்றிக்கொள்ளுங்கள். மறந்தால் செய்தி எனக்கு வரும், நான் சொல்லிவிடுகிறேன்." மறந்தவர்கள் ஏராளம். "ஹலோ", "டெஸ்ட்" என்று ஊர் பேர் தெரியாதவர்களின் குப்பையெல்லாம் அவர் போனில் வந்து விழும். சலிக்காமல் எல்லோருக்கும் பதில் எழுதுவார்.

விருதுநகர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் கணினி வேலை பார்த்தவள் நப்பின்னை. அவசரத்துக்கு ரத்தக் கொடையாளர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகட்டும் என்று, அந்த மாதிரியை எடுத்து ஒரு நிரல் செய்தாள். குறிப்பைப் படிக்கவில்லை. நாம் மட்டும் படிக்கிறோமா என்ன? முகவரி அப்படியே நின்றது. சோதித்தபோது திரையில் "அனுப்பப்பட்டது" என்று வந்தது, அது பொய்யும் இல்லை. அன்வர்தீன் எழுதிய பதில் மட்டும் அவள் கண்ணில் படவில்லை. அவளுடைய நிரலுக்கு அனுப்பத்தான் தெரியும், வாங்கத் தெரியாது.

ஒரு நண்பகலில் அங்கே செண்பகவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடையது லேசில் கிடைக்காத ரத்த வகை. நப்பின்னை செய்தியை அனுப்பினாள், எல்லோரும் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

அப்போது, செய்தியில் கொடுத்திருந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. அன்வர்தீன்தான்.

"தங்கச்சி, நீங்க அனுப்புனது எனக்கு மட்டுந்தான் வந்திருக்கு. முகவரிய மாத்தாம விட்டுட்டீங்க. ஒடனே ஆளுகளுக்குப் போன் போடுங்க."

 நப்பின்னை மழுப்பவில்லை. "தப்பு என்னுது டாக்டர்" என்று பக்கத்தில் நின்ற மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கொடையாளர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். டைல்ஸ் பதிக்கும் தவசி, குழைத்த சிமெண்டை அப்படியே போட்டுவிட்டு பைக்கில் பறந்து வந்து ரத்தம் கொடுத்தார். தாய் பிழைத்தாள்.

பெயர் வைக்கும் நாளில் குழந்தையின் காதில் முதலில் பெயரைச் சொல்லும் உரிமையை, தன் உயிரைக் காத்தவருக்கே தருவது என்று செண்பகவல்லி முடிவெடுத்து மூவரையும் வரவழைத்தாள். "கேட்டாங்க, குடுத்தேன். இதுல என்ன இருக்கு?" என்றார் தவசி. "நான் ஒரு போன்தானே பண்ணுனேன்" என்றார் அன்வர்தீன். "எனக்கு இங்க நிக்கவே கூச்சமா இருக்குக்கா" என்றாள் நப்பின்னை.

முதலில் சொல்வது ஒருவரால்தான் முடியும். நீங்களே சொல்லுங்கள், அந்த உரிமை யாருக்கு?

விடை: அன்வர்தீனுக்கு. நப்பின்னை தன் தவற்றை மறைக்காமல் திருத்தினாள். நல்ல மனது, ஆனால் அது அவள் கடமை. தவசி ஓர் உயிர் ஊசலாடுகிறது என்று கேட்டபின் ஓடி வந்தார். அன்வர்தீனோ யார், எங்கே என்று எதுவுமே தெரியாமல், இனிமேல் தவறப்போகிறவர்களுக்காகத் தன் முகவரியைக் கொடுத்துவைத்திருந்தார். அங்கே பொய் முகவரி இருந்திருந்தால் செய்தி காற்றோடு போயிருக்கும், நப்பின்னை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள். ரத்தம் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். செண்பகவல்லியே அதற்கும் வழி சொன்னாள்: "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லண்ணே. இப்ப உங்க ரத்தம் எனக்குள்ள ஓடுது. தாய்மாமன் மடியில வச்சுத்தான புள்ளைக்குப் பேரு சொல்லணும்?" தவசி சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.